மாடி வீட்டுச் சூடு தாங்கவில்லை: ஏசி வாங்கும் முன் 60 ஆயிரத்தில் என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் எங்கள் வீடு. 950 சதுர அடி, ஒற்றைத் தளம், மேலே காங்கிரீட் மொட்டை மாடி. தட்டோடு பதிக்கவில்லை, சிமென்ட் பூச்சு மட்டும்தான். வாசல் கிழக்கு பார்த்தது. படுக்கையறை இரண்டும் மேற்குப் பக்கம் மாட்டிக்கொண்டன. மாசி பாதியில் ஆரம்பித்தால் ராத்திரி பதினொரு மணி வரை அறைக்குள் படுக்க முடிவதில்லை. அம்மாவுக்கு எழுபது வயது. கட்டிலைத் தூக்கித் திண்ணையில் போடு என்கிறார். 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விட்டார்களே, அந்த மாதிரி இன்னொரு கோடை வந்தால் அம்மாவுக்குத் தாங்காது.

கையில் 60 ஆயிரம் இருக்கிறது. கடைக்காரர் ஏசி என்கிறார். மச்சான் சோலார் என்கிறார். மேஸ்திரி மாடிக்குக் கூல் டைல்ஸ் என்கிறார். மழைக் காலத்தில் இரண்டு மாத பில் 430 யூனிட் பக்கம் வரும், கோடையில் 560 தாண்டும். எதை முதலில் செய்வது? நம் பக்கத்து வெயிலையும் காற்றையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆனைமலைத் தம்பி

அண்ணா, வீட்டில் எழுபது வயது அம்மா இருக்கும்போது யோசிக்க வேண்டாம். ஒரு அறைக்கு மட்டும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம். வயதானவர்களுக்கு ராத்திரி உடம்பு ஆறாமல் போவதுதான் ஆபத்து. பகலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிடலாம், ராத்திரிக்கு வழி வேண்டுமே.

மீட்டர் பெட்டி

நான் மீனாட்சிபுரம், கோபாலபுரம் இரண்டு பக்கமும் ஒயரிங் வேலை பார்க்கிறேன். தம்பி சொல்வது நியாயம், அம்மாவின் ராத்திரித் தூக்கம்தான் முதல். ஆனால் ஏசி வாங்கும் முன் பில் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு. இரண்டிலும் 500 யூனிட்தான் கோடு.

கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும். 250ஐத் தாண்டினால் படி கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே கூடிய விலை. பில் இரண்டு மாதத்துக்கு என்பதால் அது 500. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 இலவசம். 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை சலுகை விலை உண்டு. 500 தாண்டினால் அந்தச் சலுகை போய், 101லிருந்தே அடுத்த விலை.

நீங்கள் கோடையில் 560. அதாவது அந்த 60 யூனிட்டுக்காக முழு 560க்கும் கூடிய விலை கட்டுகிறீர்கள். சுட்ட அறையில் ஏசி போட்டால் ஒரு ராத்திரிக்கு 6 முதல் 8 யூனிட் சர்வ சாதாரணமாகப் போகும். இரண்டு மாதத்தில் இன்னும் 360 முதல் 480 வரை. அதனால் முதலில் 500க்குக் கீழே இறங்குங்கள், அறையின் சூட்டைக் குறையுங்கள். அதற்கு அப்புறமும் வேண்டுமென்றால் ஏசி வாங்கலாம். அப்போது அது பாதி நேரம் சும்மா நிற்கும்.

ரசமட்டம்

மேஸ்திரி வேலை பார்ப்பவன் என்பதால் மாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒற்றைத் தளத்துக்குச் சூடு பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்குகிறது. நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது சுவரில் விழும் வெயில் குறைவு, மாடியில் விழுவது முழுசு. காங்கிரீட் அதைப் பகலெல்லாம் வாங்கிவைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு உள்ளே விடும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவது மாதிரிதான். உங்களுக்குப் பதினொரு மணி வரை படுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

இதற்கு மிகச் சின்னச் செலவில் வழி, மாடியை வெள்ளையாக்குவது. வெள்ளைப் பரப்பு வெயிலைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும், சாம்பல் சிமென்ட் உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளை அடித்த மாடிக்குக் கீழே அறையில் 2 முதல் 4 டிகிரி வரை குறைவதைப் பார்க்கலாம். தெலங்கானாவில் 2023இல் கூரை குளிர்ச்சிக்கென்றே அரசுக் கொள்கை கொண்டுவந்தார்கள். அதில் பேசுவதும் இந்த வெள்ளைக் கூரையைத்தான்.

சுண்ணாம்பு முறையை எழுதுகிறேன், கவனமாகச் செய்ய வேண்டும். கல் சுண்ணாம்போ கக்கா (கிளிஞ்சல்) சுண்ணாம்போ, கிடைப்பதில் நல்லதாக வாங்குங்கள். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், அப்புறம் கல் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் கொதித்து மேலே தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையில் உறை மாட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை மாடிப்படி ஏறவிடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஒரு ராத்திரி ஆறவிட்டு, மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டுங்கள். கப்பியெல்லாம் துணியில் நின்றுவிடும், கீழே இறங்குவது பால் பதம். பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால் சேர்க்கலாம். அதிகமானால் ஏடு கட்டி உரிந்து வரும்.

அடிக்கும் முன் மாடியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பாசியெல்லாம் போகக் கழுவ வேண்டும். தரை ஈரமாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். நட்ட வெயிலில் அடித்தால் பிடிக்கும் முன்னே உலர்ந்து மாவாகிவிடும். மெல்லிசாக மூன்று கை, ஒன்று கிழமேலாக, அடுத்தது தென்வடலாக. நம்ப முடியவில்லையென்றால் மாடியின் ஒரு மூலையில் மட்டும் அடித்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் இரண்டு இடத்திலும் கால் வைத்துப் பாருங்கள்.

சுண்ணாம்பின் குறை, ஒரு மழைக்காலம் போனால் பாதி கரைந்துவிடும். வருடா வருடம் தை மாதம் அடிக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் கூல் ரூஃப் பெயின்ட் வாங்குங்கள். விலை பல மடங்கு, ஆனால் மூன்று நாலு வருடம் நிற்கும். டைல்ஸ் நல்ல வேலைதான், தட்டோடும் நல்ல வேலைதான். ஆனால் 950 சதுர அடிக்குக் கூலியோடு சேர்த்தால் உங்கள் 60 ஆயிரம் அதிலேயே முடிந்து, மேலும் கேட்கும். வெடிப்பு, ஒழுகல் இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். வெடிப்பு இருந்தால் வெள்ளை அடிக்கும் முன்பே அடைத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் இறங்கும் பைப் வாயில் இலை அடைத்து நிற்கிறதா என்று பாருங்கள். தேங்கிய தண்ணீர் காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துரு பிடிக்க வைக்கும். மாடித் தண்ணீரைக் கிணற்றில் விடுபவர்கள் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள், சுண்ணாம்பு கலந்து வரும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

ரொம்ப நன்றி மேஸ்திரி அண்ணா. உள்ளே தெர்மாகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டால் சூடு தெரியாது என்று ஒருவர் சொன்னார். அது?

ரசமட்டம்

கொஞ்சம் குறையும், பொய்யில்லை. ஆனால் சூட்டைக் காங்கிரீட்டுக்குள் இறங்கவிட்டுவிட்டு உள்ளே மறைப்பதற்கும், வெளியிலேயே நிறுத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வெளியே நிறுத்தினால் காங்கிரீட்டும் சூடாகாது, வெடிக்கவும் வெடிக்காது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் அறை உயரம் போகும், ஃபேன் தலைக்கு இறங்கும், ஒழுகல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். அதே காசை மாடியில் போடுங்கள்.

ஓட்டுவீட்டு அக்கா

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறேன் தம்பி. மேஸ்திரி மாடியைச் சொல்லிவிட்டார், நான் மேற்குச் சுவரைச் சொல்கிறேன். மூன்று மணி முதல் ஆறு மணி வரை வெயில் சாய்வாக வந்து சுவரிலும் ஜன்னலிலும் நேராக விழும். சன்ஷேட் அதைத் தடுக்காது, உச்சி வெயிலுக்குத்தான் அது உதவும்.

ஜன்னலுக்கு உள்ளே தடித்த திரை போட்டால் வெளிச்சம் மறையும், சூடு மறையாது. வெயில் கண்ணாடி தாண்டி உள்ளே வந்துவிட்டால் வந்ததுதான். மறைப்பு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டியோ கோரைப் பாயோ, சுருட்டி ஏற்றுகிற மாதிரி கயிறு வைத்து ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் நடுவில் காற்றுப் போகும்.

சுவருக்குப் பந்தல்தான் என் தீர்ப்பு. இரண்டடி தள்ளிக் கம்பி கட்டி, கோவைக்காயோ பாகலோ பீர்க்கனோ ஏற்றுங்கள். பேஷன் ஃப்ரூட் இந்தப் பக்கம் நன்றாகப் படரும், மாடிக்கே ஏற்றலாம். மார்கழியிலேயே நட்டிருந்தால் பங்குனிக்குள் சுவர் மூடும், இப்போது நட்டாலும் அடுத்த வருடத்துக்கு ஆகும். சுவரோடு ஒட்டிப் படரவிடாதீர்கள், வேர் பூச்சுக்குள் போகும், ஈரம் நிற்கும்.

அப்புறம் ஜன்னலை எப்போது திறப்பது என்பதிலேயே பாதி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்று எல்லோரும் நாள் முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். தை, மாசியில் கிழக்கிலிருந்து வருவது கோயம்புத்தூர்ப் பக்கத்து வறண்ட காற்று. பகல் பதினொரு மணிக்கு அதை உள்ளே விட்டால் வீட்டைச் சூடாக்கத்தான் செய்யும். காலை ஒன்பதரை, பத்துக்குள் சாத்திவிட்டு, சாயங்காலம் வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னலாகத் திறந்துவிடுங்கள். கொசுவலை அடித்துவிட்டால் ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கலாம். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை உயரத்தில் மாட்டி ராத்திரி ஓட்டினால் மேலே தேங்கிய சூடான காற்றை அது வெளியே தள்ளும், எதிர் ஜன்னல் வழியே குளிர் காற்று வரும். அதற்கு ஆகிற கரண்ட் ஒன்றுமில்லை.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாசி பிடித்துக் கறுத்த ஓடு வெயிலை அதிகம் வாங்கும், கோடைக்கு முன் தேய்த்துக் கழுவுங்கள். சமையலறையில் ஒரு கண்ணாடி ஓடு மாற்றினால் பகலில் பல்பு வேண்டாம். அதை வடக்குச் சரிவில் வையுங்கள். தெற்கிலோ மேற்கிலோ வைத்தால் அடுப்படியில் வெயில் கட்டம் கட்டி விழுந்து, நிற்க முடியாது. ஓட்டுக்குக் கீழே மரப்பலகை மச்சு இருக்கிற பழைய வீடுகளில் அதைப் பிரித்துவிட வேண்டாம். ஓட்டின் சூடு மச்சுக்கு மேலேயே நின்றுவிடுகிறது.

வாளையார் வாடகை

எங்களுக்கு வாடகை வீடு, மேல் தளம். சுண்ணாம்பு அடிக்க ஓனர் சம்மதிக்கவில்லை. சாயங்காலம் மாடிக்குத் தண்ணீர் அடித்தால் நல்லது என்கிறார்கள். செய்யலாமா?

ரசமட்டம்

வேண்டாம். சுடும் காங்கிரீட்டில் சட்டென்று தண்ணீர் பட்டுச் சுருங்கினால் மயிர்க்கோடு வெடிப்பு விழலாம். தண்ணீர் ஏற்ற மோட்டார் வேறு ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மார்ச்சில் குடிக்கவே லாரித் தண்ணீர் பார்க்கிற ஊர்களில் போர்த் தண்ணீரை மாடியில் கொட்டுவதற்கு மனசு வரக் கூடாது.

ஓனரிடம் பச்சை நிழல்வலை கட்ட மட்டும் கேட்டுப் பாருங்கள். தளத்தில் விரிக்காமல் ஆள் நிற்கும் உயரத்துக்குக் கம்பத்தில் கட்ட வேண்டும், கீழே காற்றோட்டம் இருந்தால்தான் பயன். வைகாசிக் கடைசியில் கழற்றி மடித்துவிடுங்கள். ஆனி, ஆடிக் காற்று கணவாய் வழியே வரும்போது வலை கிழிவதோடு நிற்காது, கம்பத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

ஓட்டுவீட்டு அக்கா

வாடகை வீட்டுக்கு ஏர் கூலரும் யோசிக்கலாம். தண்ணீர் ஆவியாகித்தான் அது காற்றைக் குளிரவைக்கிறது, அதனால் வறண்ட காற்றில்தான் வேலை செய்யும். பிப்ரவரி, மார்ச்சில் இந்தப் பக்கம் அருமையாக இருக்கும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, நெருங்கும் மே மாதக் கசகசப்பில் அதைப் போட்டால் உடம்பில் பிசுபிசுப்புதான் மிஞ்சும். ஜன்னலை ஒட்டி, வெளிக்காற்றை இழுக்கிற மாதிரி வைத்து, எதிர் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் போடக் கூடாது.

மீட்டர் பெட்டி

வாடகைக்காரர்கள் வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகக் கூடியது பிஎல்டிசி ஃபேன். சொந்த வீட்டுக்காரர்களுக்கும் நான் முதலில் சொல்வது அதுதான். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி 28 முதல் 35 வாட். ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம் என்று வையுங்கள். நாளுக்குப் 15 மணி நேரம், 60 நாள், 40 யூனிட். மூன்று ஃபேன் மாற்றினால் 120 யூனிட். கொழிஞ்சாம்பாறை அண்ணாவின் 560 இதிலேயே 440க்கு வந்துவிடும். 500 கோட்டுக்குக் கீழே! ஒன்று மூவாயிரம் என்றால் மூன்றும் ஒன்பதாயிரம்.

ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறி 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்குங்கள். நட்சத்திரத்தோடு, காற்று எவ்வளவு தள்ளும் என்ற எண்ணும் அட்டையில் இருக்கும், அதையும் பாருங்கள். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராகக் கனெக்‌ஷன் கொடுக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் உள்ளே இருக்கிற போர்டு கெடும். பழைய ஃபேனையே வைத்துக்கொள்பவர்கள், அந்தப் பெரிய பெட்டி ரெகுலேட்டரையாவது மாற்றுங்கள். வேகம் குறைத்தாலும் மிச்சக் கரண்டை அது சூடாக்கி வீணடிக்கும்.

சோக் வைத்த பழைய டியூப்லைட் 50 வாட் வரை எடுக்கும், எல்இடி டியூப் 20 வாட்டில் அதே வெளிச்சம். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். 10 வாட் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். ஃபிரிட்ஜை மேற்குச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் ஒரு சாண் விடுங்கள். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது. நம் கிழக்குப் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு, கீசர் ராடில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் கரண்டும் அதிகம் இழுக்கும், ராடும் வெடிக்கும்.

எல்லாவற்றுக்கும் முன், எர்த் சரியாக இருக்கிறதா, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற இஎல்சிபி வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். மிச்சம் பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆனைமலைத் தம்பி

நீங்கள் சொன்ன கணக்கு புரிகிறது அண்ணா. இருந்தாலும் ஏப்ரல் கடைசியில் வெளியிலேயே 40 டிகிரி நிற்கும்போது, வெள்ளை அடித்த அறையும் வயதானவர்களுக்குப் போதாது. அந்த நாட்களுக்கு ஏசி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

மீட்டர் பெட்டி

அதில் எனக்கும் மறுப்பில்லை தம்பி. வரிசையைத்தான் சொல்கிறேன். மாடியையும் மேற்கு ஜன்னலையும் சரி செய்த 120 சதுர அடி அறைக்கு ஒரு டன்னே தாராளம். செய்யாத அறைக்கு ஒன்றரை டன் வாங்க வேண்டியிருக்கும், அதுவும் திணறும். போட்டால் 26இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020இலிருந்து புது ஏசி எல்லாம் ஆன் செய்தவுடன் 24இல் நிற்கும்படி வைத்ததும் இதனால்தான். வெளி யூனிட்டை மேற்கு வெயிலில் மாட்டாதீர்கள். கதவடி இடுக்கை அடையுங்கள்.

பனங்காடு

எனக்கு ஊர் வடகரப்பதி. எங்கள் வீட்டில் சோலார் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் அதைப் பற்றி மட்டும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30 ஆயிரம் மானியம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78 ஆயிரத்தோடு நின்றுவிடும். மானியம் முன்னாலேயே கைக்கு வராது. பதிவு பெற்ற நிறுவனம் மூலம் போட்டு, போர்டு ஆள் வந்து மீட்டர் வைத்து முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் விழும். அதுவரை முழுப் பணத்தையும் நீங்கள் புரட்ட வேண்டும், இல்லையென்றால் வங்கிக் கடன். உங்கள் 60 ஆயிரத்தில் ஆகிற காரியம் இல்லை.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. பேட்டரி இல்லாத சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். நட்ட வெயிலாக இருந்தாலும் நிற்கும். லைனில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் கட்டுக்காகச் சோலார் போடுகிறேன் என்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும், தெற்குப் பார்த்த லேசான சாய்வு. நம் ஊரில் பனையும் தென்னையும் இல்லாத வளவு உண்டா? ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கும். காலை எட்டு, மதியம், மாலை நாலு என்று மூன்று வேளையும் மாடியில் ஏறி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நல்ல வெயிலில் கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்பது சராசரி. ஆனி, ஆடியில் இறங்கும். இரண்டு மாதம் 560 ஓடுகிற வீட்டுக்கு 3 கிலோவாட் என்பார்கள். ஃபேனையும் மாடியையும் சரிசெய்து 430க்கு வந்தால் 2 கிலோவாட் போதும். அதனால்தான் நானும் சொல்கிறேன், சோலார் கடைசியில். எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான் ஓடுகிறது. அவருக்கு 5 கிலோவாட் போடச் சொல்லி ஒரு நிறுவனம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. கையெழுத்துப் போடும் முன் உங்கள் பழைய பில்களை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். மிச்சக் கரண்டை லைனுக்கு விட்டுப் பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் விதியும் அடிக்கடி பேச்சில் இருக்கிறது, போடும் நாளில் என்ன விதி என்று செக்‌ஷன் ஆபீசில் நேரில் கேளுங்கள்.

பேனல் போட்ட பகுதிக்குக் கீழே உள்ள அறை குளிர்ந்திருக்கும். நிழல்தானே. மேற்குப் படுக்கையறைக்கு மேலே வருகிற மாதிரி வைத்தால் இரட்டை லாபம்.

நெம்மாறை வயல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மாடியில் ஒரு அறை கட்டப் போகிறோம். புதிதாகக் கட்டும்போதே சூடு வராமல் குறைந்த செலவில் கட்ட வழி உண்டா?

ரசமட்டம்

உண்டு. கேரளத்தில் இதற்கு நல்ல வழி போட்டுக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். திருவனந்தபுரத்தில் தங்கி அவர் கட்டிய வீடுகளில் இரண்டு முறை முக்கியம். ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் கால்வாசி செங்கல் மிச்சம், உள்ளே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும்.

இன்னொன்று ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் கீழ்ப் பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பி, அங்கே இருக்கிற காங்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே காங்கிரீட் போடுவார்கள். காங்கிரீட்டும் மிச்சம், ஓட்டுக்குள் நிற்கும் காற்றால் சூடும் குறைவு. கீழிருந்து பார்த்தால் ஓட்டின் கட்டம் கட்டமான அழகும் கிடைக்கும், பூச்சுச் செலவும் இல்லை. பழைய ஓடு பிரித்த வீடுகளில் மலிவாகக் கிடைக்கும்.

இரண்டுக்கும் தெரிந்த ஆள் வேண்டும். செங்கல் ஒரே அளவாக இல்லாவிட்டால் எலிப்பொறிக் கட்டு கோணும். கம்பி இடைவெளியை இன்ஜினியர்தான் போட்டுத் தர வேண்டும். திருச்சூரில் காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு 1985இலிருந்து இந்த வேலைகளைச் செய்கிறது, அங்கே விசாரியுங்கள். பழைய வீட்டின் அஸ்திவாரம் மேல் தளத்தைத் தாங்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நெம்மாறை வயல்

ரொம்ப நன்றி. அறைக்குப் பதில் மாடிக்கு மேலே இரும்புச் சட்டம் (ட்ரஸ்) அடித்து ஷீட் போட்டால் கீழ்த்தளம் குளிருமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஓட்டுவீட்டு அக்கா

குளிரும். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும், உயரமாகவும் இருக்க வேண்டும். துணி காயப்போட, தேங்காய் உலர்த்த இடமும் ஆச்சு. ஆனால் செலவு லட்சத்தைத் தாண்டும். பஞ்சாயத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். பக்கங்களை அடைத்துவிட்டால் அது தளமாகக் கணக்கில் வரும், சூடும் உள்ளேயே நிற்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவுக்கு வந்துவிட்டோம். இந்த மாதமே மாடியைக் கழுவி வெடிப்பு அடைத்து, சுண்ணாம்பு மூன்று கை. மேற்கு ஜன்னல் இரண்டுக்கும் வெளியே மூங்கில் தட்டி. மூன்று பிஎல்டிசி ஃபேன், அம்மா அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட். கோவைக்காய்க் கொடிக்குக் கம்பி. எல்லாம் சேர்த்தும் 25 ஆயிரத்துக்குள் வரும் போலிருக்கிறது. மீதியை அம்மா அறைக்கு ஒரு டன் ஏசிக்கு ஒதுக்கிவைக்கிறேன். ஆனைமலைத் தம்பி சொன்ன அந்த ஏப்ரல் கடைசி நாட்களுக்காக. சோலார் அடுத்த வருடம், பில் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு.

ஒரு சந்தேகம் பாக்கி. சுண்ணாம்பை இப்போதே அடிக்கலாமா, வெயில் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

ரசமட்டம்

இப்போதே அடியுங்கள். தை வெயில் இதமாக இருக்கும், பூச்சு மெதுவாக உலர்ந்து நன்றாகப் பிடிக்கும். பங்குனியில் அடித்தால் காலை எட்டு மணிக்கே தளம் சுடும். மாசியில் ஒருமுறை தூசியைக் கூட்டிக் கழுவிவிடுங்கள். அழுக்கேறினால் வெள்ளை வேலை செய்யாது.

மீட்டர் பெட்டி

ஃபேன் மாட்டுகிற நாளில் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் காலண்டரில் எழுதிவையுங்கள் அண்ணா. பில் வரும் வரை காத்திருக்க வேண்டாம், வாரம் ஒருமுறை பார்த்தாலே இறங்குவது தெரியும். இரண்டு மாதம் கழித்து எண்களை இங்கே போடுங்கள், வாளையார்க்காரர் ஓனரிடம் காட்டட்டும்.